ஐந்து பத்து வண்டியும் கப்பல் சமையல்காரரும்

இதில் ஒரு சொல் பொய் என்றால் நாளைக் காலையில் கடல் ஏறி வந்து இந்த நாக்கை அலம்பிக்கொண்டு போகட்டும், போடுகிற வெற்றிலையில் எல்லாம் சுண்ணாம்பு கூடி வாய் வெந்து போகட்டும், தின்கிற சோற்றில் உப்பு சேராமல் போகட்டும். இதற்குமேல் சத்தியம் செய்ய ஊரில் சாமி பாக்கி இல்லை, மாதா கோவில் படியிலும் அடித்தாயிற்று, சுடலைமாடன் பீடத்திலும் அடித்தாயிற்று, தர்கா வாசலிலும் அடித்தாயிற்று. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நம்புகிறவர்கள் காலை நீட்டி வசதியாக உட்காருங்கள்.

உடன்குடிக்குக் கிழக்கே, தேரிச் செம்மணலும் கடல் மணலும் ஒன்றையொன்று கட்டிப் புரளுகிற இடத்தில் பனையடித்துறை என்று ஓர் ஊர். கச்சான் காற்று கிளம்பிக் கடல் சீறத் தொடங்கினால் அங்கே இரண்டு மாதம் வள்ளம் இறங்காது. வள்ளம் இறங்காவிட்டால் ஆண்களுக்கு வேலை கிடையாது. வேலையில்லாத ஆண்களைப் பகல் முழுக்க வீட்டில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் உருப்படியாக ஒரு குழம்பு வைக்க முடியும்? ஆகவே அந்த ஊரில் சோழி டாக்கீஸ் என்று ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. முன்னால் மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் பதினாறு நாற்காலி. முன்னால் இருக்கிறவர் தலை மறைத்தால் சண்டை போட வேண்டியதில்லை, மணலைக் கூட்டி மேடாக்கி ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். இடைவேளைக்குள் பெண்கள் பக்கம் ஒரு மலைத்தொடரே எழும்பி நிற்கும்.

வருஷா வருஷம் கச்சான் மாதத்தில் அங்கே ஒரே ஒரு படம்தான் ஓடும். ‘கருங்கொடிக் கப்பல்’. இங்கிலீஷ்காரன் ஒருத்தன் எப்போதோ எழுதிய பெரிய கடற்கொள்ளைக்காரக் கதை, அதைப் படமாக்கி, தமிழ் பேச வைத்து அனுப்பியிருந்தார்கள். கடலுக்குப் போக முடியாத ஊர், திரையில் வருகிற கடலைப் பார்த்து ஆறுதல் பட்டுக்கொள்ளும். “ஏல, பாயை இறக்குல, காத்து மாறுதுல்லா!” என்று மணல் தரையிலிருந்து கொள்ளைக்காரர்களுக்கு யோசனை சொல்லுவார்கள். ஒரே ஆள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து முணுமுணுப்பார். அவர் உயர்நிலைப் பள்ளி இங்கிலீஷ் வாத்தியார் ஜெபமணி சார். அந்த நாவல் அவருடைய வகுப்பில் நான்-டீடெயில் பாடம். “புத்தகத்தில் இப்படி இல்லை, புத்தகத்தில் இப்படி இல்லை” என்று சொல்லிக்கொண்டே ஆறு வருஷமாக ஒரு காட்சி தவறாமல் பார்த்து வந்தார்.

படத்தை ஓட்டியவர் ஆபரேட்டர் செம்புலிங்கம். ஐம்பத்திரண்டு வயது. மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். அதற்கப்புறம் மெஷின் ரூமின் சதுர ஓட்டை வழியாகத்தான் உலகத்தைப் பார்த்து வந்தார், ஒரு தூக்குவாளிச் சோற்றை இரண்டு வேளையாக்கித் தனியே தின்று வந்தார். அவருக்கென்று தொழில் கர்வம் ஒன்று இருந்தது. பிலிமில் கத்தி வைக்க மாட்டார். மற்ற ஊர்களில் ஆபரேட்டர்கள் பிடித்த துண்டை வெட்டிப் பெட்டியில் பதுக்குவார்கள்; “பிலிமை வெட்டுனவன் கையில சோறு தங்காதுவே” என்பார் செம்புலிங்கம்.

வெட்ட மாட்டார், ஆனால் விடுவார். அதில்தான் கதையே இருக்கிறது.

பகல் காட்சி இரண்டரைக்குத் தொடங்கும். படம் பதினான்கு ரீல், ரீலுக்குப் பத்துப் பதினொரு நிமிஷம், நடுவில் முறுக்குக்கும் கலர் சோடாவுக்கும் கால் மணி நேரம். முடிய ஐந்தேகால் ஆகிவிடும். பக்கத்து ஊர் ஜனங்களை ஏற்றிப் போகிற கடைசி பஸ் வண்டியோ ஐந்து பத்துக்கு. அதன் டிரைவர் பரமார்த்தலிங்கம், தாலி கட்டிவிட்டு ஓடி வந்த மாப்பிள்ளையையே விட்டுவிட்டுப் போனவர். அவர் வண்டி கிளம்புகிற நேரத்தைப் பார்த்துத்தான் ஊரே கடிகாரம் திருப்பி வைக்கும். ஆகவே பகல் காட்சியில் மட்டும் பதினோராவது ரீலை ஓட்டாமல் விட்டுவிடுவது என்று ஊரும் கொட்டகையும் சேர்ந்து முடிவு செய்திருந்தன. அந்த ரீலில் சண்டை கிடையாது, கதாநாயகி கிடையாது. பத்தாவது ரீலில் கப்பலுக்குக் குடிதண்ணீர் பிடிக்கத் தீவுக்குப் போகிற கிழட்டுச் சமையல்காரர் பர்னபாஸ், பதினோராவது ரீல் முழுக்கத் தனியாகப் படகு வலித்துக் கப்பலுக்குத் திரும்புவார். அவ்வளவுதான். பன்னிரண்டாவது ரீலில் கப்பலில் நிற்பார். எப்படி வந்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. மாலைக் காட்சியில் அந்த ரீல் ஓடும்போது, செம்புலிங்கம் மட்டும் பீடியை அணைத்துவிட்டு ஓட்டையில் கண்ணை வைத்துக்கொள்வார். ஒரு கிழவன், ஒரு படகு, சுற்றிலும் தண்ணீர். அவருக்கு அந்தப் படத்திலேயே பிடித்தது அதுதான்.

ஆறாவது வருஷம், ஒரு சனிக்கிழமைப் பகல் காட்சியில், பத்தாவது ரீல் முடிந்து பன்னிரண்டாவது தொடங்கிய நேரத்தில், திரைக்குக் கீழே இடது பக்கத்துத் தட்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு பர்னபாஸ் வெளியே வந்தார்.

முழங்கால் வரை ஈரம். தோளில் தண்ணீர்ப் பீப்பாய். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. பழைய பிரிண்ட் ஆனதால் ஆள் முழுக்கக் கொஞ்சம் ரோஸ் நிறமாக வெளுத்திருந்தார். உச்சந்தலையிலிருந்து கால்வரை மெல்லிய பச்சைக் கோடு ஒன்று அவர் முன்னால் நடுங்கிக்கொண்டே கூடவே வந்தது, பிலிமில் விழுந்த கீறல். வாசலில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்த இஞ்ஞாசியம்மாள் அதை நூல் என்று நினைத்துத் தட்டிவிடப் பார்த்தாள். அது போகவில்லை.

அவர் வாய் அசைந்தது. அசைந்து முடிந்து மூடிக்கொண்டது. அப்புறம்தான் குரல் வந்தது. “நண்பா, கப்பல் புறப்பட்டுவிட்டதா?”

“மாதாவே! வாயி முன்னால போவுது, பேச்சு பின்னால வருது” என்றாள் இஞ்ஞாசியம்மாள். “கப்பல் போயி ரெண்டு நிமிசம் ஆச்சுய்யா. பீப்பாயை எறக்கி வையும். கடலை தின்னுதீரா?”

செய்தி கேட்டுச் செம்புலிங்கம் மெஷின் ரூம் ஏணியிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.  ஏன் வெளியே வந்தீர் என்று கேட்டார். பர்னபாஸின் வாய் நெடுநேரம் அசைந்தது, எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

“பகல் வேளைகளில் எனக்குப் படகு வருவதில்லை, நண்பா. இருநூறு முறை பீப்பாயை முதுகில் கட்டிக்கொண்டு நீந்தியே கப்பலைச் சேர்ந்தேன். இன்று முழங்கால் வலித்தது. கரையோரமாக நடந்து பார்ப்போம் என்று நடந்தேன். இந்தக் கதவு இருந்தது.”

செம்புலிங்கத்துக்குத் தலை குனிந்துவிட்டது. இருநூறு பகல் காட்சி. இருநூறு முறை ஒரு கிழவனைக் கடலில் நீந்தவிட்டு, ஐந்து பத்து வண்டிக்கு ஜனங்களை ஏற்றி அனுப்பியிருக்கிறார்.

அன்று மாலைக் காட்சியில் அவரைத் திரும்ப ஏற்றிவிடப் பார்த்தார்கள். பதினோராவது ரீல் ஓடியது, படகும் வந்தது, ஆளில்லாமல் துடுப்பு தானாக அசைந்துகொண்டிருந்தது. பர்னபாஸ் ஓடிப்போய்த் திரையில் மோதினார். வெறும் துணி. மூக்கு சப்பையானதுதான் மிச்சம். “இறங்குன ஸ்டாப்புலதான ஏறணும்?” என்றாள் இஞ்ஞாசியம்மாள். “மத்தியானக் காட்சில எறங்குனவரு மத்தியானக் காட்சிலதான் ஏறணும்.” மறுநாள் பகல் காட்சியில் பதினோராவது ரீலைப் போட்டும் பார்த்தார் செம்புலிங்கம். வண்டிக்கு நேரமாகிறதென்று பாதி ரீலில் ஜனங்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். ஓடினவர்களைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஓடினார்கள். பார்க்கக் கண் இல்லாத கொட்டகையில் கடல் மங்கி மங்கி வெள்ளைத் துணியாகிப் போனது, படகு கரைக்கே வரவில்லை. இனி என்ன செய்வது? செம்புலிங்கம் அவரைத் தம் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

ஊர் அவரை எடுத்துக்கொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். பர்னபாஸ் என்று பெயர் இருப்பதால் அவர் நம்ம ஆள் என்றது மாதா கோவில் தெரு. கடலில் போய்த் திரும்பாதவர் எல்லாம் சுடலைமாடன் கணக்கு என்றது மேலத் தெரு. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்தவர், பிறந்த ஊர் என்ற இடத்தில் ‘ஒன்றாவது ரீல்’ என்று எழுதிக்கொண்டு போனார். நாவிதர் முடிவெட்டிப் பார்த்தார். வெட்ட வெட்ட மறு காட்சிக்குள் முடி பழையபடி இருந்தது, கூலி வாங்காமல் அனுப்பிவிட்டார். அவரோடு பேசப் பழகுவதற்கு ஊருக்கு மூன்று நாள் பிடித்தது. வாய் அசைவதைப் பார், பிறகு வெற்றிலை மடி, பிறகு காதைக் கொடு, அவ்வளவுதான். வாய்ச்சண்டையில் மட்டும் அவரிடம் யாரும் ஜெயிக்க முடியவில்லை. எதிராளி திட்டி முடித்து, தான் ஜெயித்ததாக நினைத்து வீட்டுக்குள் போன பிறகு, தெருவில் பர்னபாஸின் பதில் தனியாக வந்து நிற்கும்.

அவருக்குத் தெரிந்தது சமையல் ஒன்றுதான். அதுவும் நாற்பது பேருக்குக் குறைந்து வைக்கத் தெரியாது. கப்பலில் நாற்பது கொள்ளைக்காரர்கள். ஒருத்தருக்குக் கஞ்சி வை என்றாலும் அண்டாவைத்தான் ஏற்றுவார். முதலில் உப்புக்கண்டமும் கல் மாதிரி ரொட்டியும் செய்து ஊரின் பல்லைப் பதம் பார்த்தார். அப்புறம் இஞ்ஞாசியம்மாள் அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, புளி எப்போது விட வேண்டும், தேங்காய் எப்போது அரைத்து ஊற்ற வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் அந்த மனிதர் வைத்த மீன் குழம்பு, கச்சான் காற்றையும் மீறி மூன்று தெருவுக்கு மணத்தது. வேலையில்லாத மாதம், அடுப்பு எரியாத வீடுகள். செம்புலிங்கம் வீட்டு முற்றத்தில் தினமும் நாற்பது இலை விழுந்தது. ஒன்பது வருஷமாகத் தூக்குவாளியோடு பேசிக்கொண்டிருந்த மனிதர், பக்கத்து இலைக்காரரிடம் குழம்பை நகர்த்தச் சொல்லிக் கத்துகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

ஒரே ஒரு விஷயம்தான் அவரிடம் உறுத்தலாக இருந்தது. மிச்சம் வைக்க மாட்டார். வாங்கின புளி முழுக்க இன்றைக்கே கரைத்துவிடுவார், விறகு முழுக்க இன்றைக்கே எரித்துவிடுவார், பழையதுக்கென்று ஒரு பிடி சோறு ஒதுக்க மாட்டார்.

“நாளைக்கு வேணும்லாய்யா? நாளைக்கு என்ன செய்வீரு?” என்று இஞ்ஞாசியம்மாள் சத்தம் போட்டாள்.

பர்னபாஸின் வாய் அசைந்தது. எல்லோரும் வெற்றிலை மடித்துக் காத்திருந்தார்கள். மடித்து, மென்று, துப்பியும் ஆயிற்று. குரல் வரவே இல்லை. நாளை என்பது அவருக்கென்று எழுதிக்கொடுத்த பேச்சில் கிடையாது.

ஏன் கிடையாது என்று செம்புலிங்கத்துக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பதின்மூன்றாவது ரீலில் கதாநாயகனைக் கப்பலின் பாய்மரத்தில் தூக்கில் போட நிறுத்துவார்கள். பர்னபாஸ் பீரங்கிக்குத் திரி வைத்து, குண்டு பாய்ந்து மரம் முறிந்து, கதாநாயகன் தப்புவான். ஆனால் ஒரு கொள்ளைக்காரன் சுட்ட தோட்டா பர்னபாஸின் நெஞ்சில் இறங்கும். ஒன்பது அடி பிலிம். ஆறு விநாடி. பர்னபாஸ் கரண்டியோடு சாய்வார். பெண்கள் பக்கத்து மலைத்தொடரே குலுங்கும். அந்த ஊரில், முதல்முறை பார்க்கிறவன் காதில் கிளைமாக்ஸைக் கத்திச் சொல்லாத ஆள் பிறந்ததில்லை. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுப்பில் ஏறும் முன்பே தெரிந்துவிடும் ஊர். அப்படிப்பட்ட ஊர், அவர் காதில் இதை மட்டும் போடாமல் பத்தொன்பது நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது. மாலையானால் யாராவது ஒருத்தர் அவரைக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போய்விடுவார்கள், கொட்டகைப் பக்கம் விட மாட்டார்கள்.

இதற்கிடையில் படம் கெட்டுக்கொண்டு வந்தது.

சமையல்காரர் இல்லாத கப்பலில் யார் சமைப்பார்கள்? நான்காவது நாளே கொள்ளைக்காரர்களின் கன்னம் ஒட்டிவிட்டது. ஒரு வாரத்தில் இடுப்புப் பட்டை நழுவி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வாள் வீசினார்கள். இரண்டாவது வாரம் வாள் சண்டையை உட்கார்ந்தபடியே போட்டார்கள். கதாநாயகி காதல் வசனத்தின் நடுவே கதாநாயகனின் தோல் பையை மோந்து பார்த்தாள். மணல் தரைக்காரர்கள் மனம் பொறுக்காமல் திரைக்குக் கீழே முறுக்கும் கடலையும் வைத்துவிட்டு வந்தார்கள்; கேப்டன் அந்தப் பக்கமே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு வசனத்தை மறந்தான். எல்லாவற்றையும்விட மோசம் தூக்குக் காட்சி. கதாநாயகன் கழுத்தில் கயிற்றோடு நிற்பான். பீரங்கிக்குத் திரி வைக்க ஆள் இல்லை. தூக்குப் போடுகிறவன் கயிற்றைப் பிடித்தபடி அங்குமிங்கும் பார்ப்பான், கொட்டாவி விடுவான், ரீல் முடிந்துவிடும். அந்தப் பையன் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

“புத்தகத்தில் இப்படி இல்லவே இல்லை” என்று ஜெபமணி சார் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார்.

பிரிண்ட் வெள்ளிக்கிழமை காலையில் வேறு ஊருக்குப் போக வேண்டும். வியாழன்தான் கடைசிப் பகல் காட்சி. போய்விட்டால் அந்தப் பையன் ஊர் ஊராகக் கழுத்துக் கயிற்றோடு நிற்பான், நாற்பது பேர் ஊர் ஊராகப் பட்டினி கிடப்பார்கள். பர்னபாஸ் நம்முடனேயே இருப்பார். செம்புலிங்கம் இதைப் புதன்கிழமை முழுக்கத் தராசில் வைத்துப் பார்த்தார். இருக்கட்டும், படம்தானே, என்று ஒரு மனம் சொன்னது. முற்றத்தில் நாற்பது இலை இருந்தது.

வியாழன் காலை பர்னபாஸ் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேங்காய் துருவிய இஞ்ஞாசியம்மாளுக்குப் பத்தொன்பது நாள் கட்டிவைத்த வாய் அவிழ்ந்துகொண்டது. “நீரு இங்கனயே இரும்யா. அங்க போனா உம்ம சுட்டுல்லா கொல்லுதான், பாவி!” என்று சொல்லிவிட்டு, துருவலோடு கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பர்னபாஸ் கத்தியைக் கீழே வைத்தார். செம்புலிங்கத்தைப் பார்த்தார். “உண்மையா, நண்பா?”

செம்புலிங்கம் தலையை ஆட்டினார்.

“நான் இல்லாமல் அங்கே எப்படி நடக்கிறது?”

நடப்பதைச் சொன்னார். இடுப்புப் பட்டை நழுவினதை, உட்கார்ந்து சண்டை போட்டதை, முறுக்கைப் பார்த்து வசனம் மறந்ததை எல்லாம். பர்னபாஸின் வாய் அசைந்து மூடியது. அவர் எழுந்து கையைத் துடைத்து, அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கி, தம் பீப்பாயைத் தேடி எடுத்துத் தோளில் ஏற்றிய பிறகுதான் குரல் வந்தது.

“தோட்டா இருக்கட்டும், நண்பா. பத்தொன்பது நாளாக அங்கே அடுப்பு அணைந்து கிடக்கிறதே. என்னை ஏற்றிவிடு.”

ஊர் வேலையில் இறங்கியது. பதினோராவது ரீலைப் பகல் காட்சியில் ஓட்ட வேண்டும், அது முடிகிறவரை கொட்டகை நிறைய ஜனம் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியானால் ஐந்து பத்து வண்டி நிற்க வேண்டும்.

வண்டி நாலேகாலுக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றது. அப்போது படம் ஒன்பதாவது ரீலில் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினை உதவியாளிடம் விட்டுவிட்டுச் செம்புலிங்கம் ஓடினார். பரமார்த்தலிங்கம் படியில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“டிரைவர் அண்ணாச்சி, பதினோரு நிமிசம். பதினோரே நிமிசம் நிக்கணும்.”

“எங்க அம்மை செத்த அன்னிக்கே வண்டியை நேரத்துக்கு எடுத்தவன்வே நான்” என்றார் பரமார்த்தலிங்கம், டீயிலிருந்து கண்ணை எடுக்காமல். “சமையக்காரனுக்கு நிப்பனா?”

“இந்தக் கொட்டகை வாசல்ல எத்தனை வருசமா வண்டியை நிறுத்துதீரு?”

“பத்தொம்பது.”

“இதுல ஒரு படமாவது முடிவு பாத்திருக்கீரா?”

டீ ஆற்றுகிற கை நின்றது. நாலேகாலுக்கு வருவார், கடைசி ரீல் ஓடும்போதே எஞ்சினை உறுமவிட்டுவிடுவார், ஐந்து பத்துக்குப் போவார். பத்தொன்பது வருஷமாகக் கொட்டகைச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து நடுப்பகுதிகளை மட்டும் காதால் கேட்டு வந்த மனிதர். வாள் மோதுகிற சத்தம் அவருக்குத் தெரியும். யார் ஜெயித்தார் என்பது தெரியாது. காதலர்கள் பிரிந்தது தெரியும். சேர்ந்தது தெரியாது. ஊர்ப்பட்ட கல்யாணங்கள் பாதியிலேயே நிற்பதாக நினைத்துத்தானோ என்னவோ, ஆள் எப்போதும் சிடுசிடுவென்று இருந்தார்.

“முடிவு நல்லா இருக்குமாவே?” என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி.

“வந்து பாரும். நீரே உள்ள இருந்தா வண்டி எப்படிப் போகும்?”

பரமார்த்தலிங்கம் மணல் தரையில் வந்து உட்கார்ந்ததும் கொட்டகையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இனி எழுந்து ஓட ஒருவருக்கும் காரணம் இல்லை. இஞ்ஞாசியம்மாள் ஒரு சாக்கில் புளியும், மல்லித்தூளும், மிளகாய்த்தூளும், நாலு முடிச்சு உடன்குடிக் கருப்பட்டியும் கட்டிப் பர்னபாஸின் பீப்பாய்க்கு மேல் வைத்தாள். “நாப்பது பேருக்கு அளவு தெரியும்லா? புளியை முதல்லயே விட்டுராதீரும்” என்று மட்டும் சொன்னாள்.

பதினோராவது ரீல் ஏறியது. கடல் வந்தது. இந்த முறை கண்கள் இருந்தன, முந்நூறு ஜோடி, அதனால் கடல் மங்கவில்லை. படகு தள்ளாடித் தள்ளாடிக் கரைக்கே வந்து, திரையின் கீழ் விளிம்பில் தட்டி நின்றது. பர்னபாஸ் தட்டிக் கதவைத் திறந்து உள்ளே போனார். அடுத்த கணம் படகில் உட்கார்ந்திருந்தார், சாக்கு மூட்டை காலடியில் இருந்தது. துடுப்பை எடுக்கும் முன் தலையைத் தூக்கி, மெஷின் ரூமின் சதுர ஓட்டையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். யாரும் விசிலடிக்கவில்லை. ஒரு கிழவன், ஒரு படகு, சுற்றிலும் தண்ணீர்.

செம்புலிங்கம் பன்னிரண்டாவது ரீலை ஓடவிட்டார். பத்து நிமிஷம் இருந்தது. இரண்டாவது மெஷினில் ஏற்ற வேண்டிய பதின்மூன்றாவது ரீலைக் கையில் எடுத்தார், எடுத்தவர் ஏற்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, விளக்கைக் கிட்டே இழுத்து, பிலிமை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டார். பீரங்கி வந்தது. திரி வந்தது. மரம் முறிந்தது. துப்பாக்கி தூக்குகிறவன் வந்தான். அங்கே நிறுத்தினார். முப்பது வருஷத் தொழில், ஒரு கட்டம்கூட வெட்டாத கை. தெரிந்தால் விநியோகஸ்தர் வேலையைவிட்டுத் தூக்குவார், எந்தக் கொட்டகையிலும் சேர்க்க மாட்டார்கள். பிலிமை வெட்டினவன் கையில் சோறு தங்காது. அவர் முற்றத்து நாற்பது இலையை ஒருதரம் நினைத்துக்கொண்டார். பிளேடை எடுத்தார்.

ஒன்பது அடி. ஓரங்களைச் சுரண்டி, பிலிம் ஒட்டுகிற சிமெண்டைத் தடவி, ஒட்டின இடத்தை ஊதி ஊதி உலர்த்தினார். பன்னிரண்டாவது ரீலில் கடைசி வாள் சண்டை ஓடிக்கொண்டிருந்தபோது, பதின்மூன்றாவது ரீல் மெஷினில் ஏறியிருந்தது.

பர்னபாஸ் திரி வைத்தார். குண்டு பாய்ந்தது, மரம் முறிந்தது, கதாநாயகன் கயிற்றோடு கடலில் குதித்தான், கொட்டகை எழுந்து நின்றது. துப்பாக்கிக்காரன் வந்தான். பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். ஒட்டு ஓடிய இடத்தில் திரை ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்து வந்தது புகை. புகைக்கு அப்பால், மறுபடி கப்பலில் ஏறி வந்த கதாநாயகன் செத்தவருக்காக அழ வேண்டிய இடத்தில், யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். புகைக்குள்ளிருந்து பர்னபாஸ் வந்தார். தம் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். ஓட்டை இல்லை. சட்டையைத் தூக்கி இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பதினான்காவது ரீலில், எப்போதும் கேப்டன் புதையல் பெட்டியைத் திறக்கிற இடத்தில், நாற்பது கொள்ளைக்காரர்களும் மேல்தளத்தில் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பர்னபாஸ் அண்டாவும் கரண்டியுமாக நடந்து வந்தார். கேப்டன் கையை நக்கினான். முதல் பந்தி, இரண்டாம் பந்தி, குழம்பின் சிவப்பு அந்த வெளுத்த பிரிண்டிலும் பளிச்சென்று இருந்தது. “பாயாசம் இல்லையாடே!” என்று மணல் தரையிலிருந்து ஒரு குரல். பரமார்த்தலிங்கம் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். எல்லாப் படமும் இப்படிச் சாப்பாட்டில்தான் முடியும் என்று அவர் சாகிறவரை நம்பினார், யாரும் திருத்தவில்லை.

“புத்தகத்தில் அவன் சாகிறானே!” என்றார் ஜெபமணி சார். சொன்னவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

கடைசிக் காட்சியில் பர்னபாஸ் மெஷின் ரூமை நிமிர்ந்து பார்த்தார். வாய் அசைந்தது. மூடியது. சுபம் விழுந்துவிட்டது. ஜனங்கள் வண்டிக்கு ஓடினார்கள், வண்டி உறுமிக்கொண்டு போய்விட்டது, தூசி அடங்கியது. செம்புலிங்கம் மட்டும் வெற்றிலை மடித்தபடி வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பேச்சு எழுதப்படாததாக இருக்கலாம், குரல் வராமலே போகலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, வெள்ளைத் துணியிலிருந்து வந்தது.

“நண்பா, நாளை என்ன சமைக்கலாம்?”

செம்புலிங்கம் வெகுநேரம் யோசித்து, “சாளை மீனு போடும்” என்றார்.

அன்று வண்டி ஐந்து இருபத்தொன்றுக்குக் கிளம்பியது. வண்டியைப் பார்த்துக் கடிகாரம் வைக்கிற ஊர் ஆனதால், பனையடித்துறையில் இன்றுவரை எல்லாக் கடிகாரமும் பதினோரு நிமிஷம் பிந்தித்தான் ஓடுகிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படம் அப்புறம் எத்தனையோ ஊர்களில் ஓடியது; வெள்ளைக்காரக் கொள்ளைக்காரர்கள் எதற்காகக் கடைசியில் சம்மணமிட்டுக் குழம்பை வழித்து நக்குகிறார்கள் என்று எந்த ஊருக்கும் விளங்கவில்லை, ஆனால் எந்த ஊரும் குறை சொல்லவில்லை. செம்புலிங்கம் கையில் சோறும் நன்றாகவே தங்கியது. பர்னபாஸ் போன பிறகும் அந்த முற்றத்தில் கச்சான் மாதம் தவறாமல் அண்டா ஏறியது, இஞ்ஞாசியம்மாள் கரண்டியைப் பிடித்தாள்.

அந்த ஒன்பது அடி மட்டும் எங்கே என்று விநியோகஸ்தர் வீட்டு ஆட்கள் நெடுநாள் தேடினார்கள், இன்னும்கூடத் தேடலாம். அது ஒரு மூக்குப்பொடி டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கிறது. வெளிச்சம் படக் கூடாது, ஒட்டிவிடக் கூடாது, அது அங்கே கிடக்கிறவரை அந்தக் கிழவனுக்கு நாளை உண்டு. இடுப்பில் என்ன கலகலக்கிறது என்று கேட்காதீர்கள், பொடிதான், வயசான ஆளுக்குப் பொடிப் பழக்கம் இருக்கக் கூடாதா? கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று எவராவது கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார், முகம் சரியாகப் பார்க்கவில்லை, இறங்கிப் போய்விட்டார் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.